டிசம்பரில் முடியும் ஆண்டும் ஏப்ரலில் முடியும் ஆண்டும்

இலங்கையில், மன்னார்த் தீவின் பேசாலையில் ஐந்தாம் தரம் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி ஆண்டு டிசம்பரில் முடிகிறது. கடலுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டின் மணப்பாட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு அது ஏப்ரலில் முடிகிறது. இரண்டு பிள்ளைகளும் தமிழில்தான் செபம் சொல்கிறார்கள். இரண்டு கரைகளிலும் கத்தோலிக்கம் வேர்விட்டது 16ஆம் நூற்றாண்டில், பிரான்சிஸ் சவேரியாரின் முத்துக்குளித்துறைப் பணிக்காலத்தில். கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைக் கூட்டி அவர்களுக்குச் செபங்களைக் கற்பித்ததையும், அதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களையே அனுப்பியதையும் சவேரியார் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஒரே விதத்தில் தொடங்கிய பள்ளி மரபு, ஆண்டை முடிக்கும்போது மட்டும் நான்கு மாதம் விலகி நிற்கிறது.

இந்த நான்கு மாத இடைவெளி சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஆண்டு இறுதியில் பள்ளி என்ன விழா எடுக்கிறது, மேடையில் என்ன நாடகம் போடுகிறது, யாரை அழைக்கிறது, பிள்ளையின் கையில் என்ன கொடுத்து அனுப்புகிறது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. இரு நாடுகளிலும் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பள்ளி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்தே தொடங்குவது வழக்கம். விழாவைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வி போதாது. நாள்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள், மூன்று முடிவுகள்

கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கு ஒரே நேரத்தில் மூன்று ஆண்டுகள் ஓடுகின்றன. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு நவம்பர் கடைசியில் முடிந்து, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று புதிதாகத் தொடங்குகிறது. நாட்டின் ஆண்டு டிசம்பர் 31 இரவு நன்றி வழிபாட்டோடு முடிகிறது. மூன்றாவது, பள்ளியின் ஆண்டு.

இலங்கையில் வழமையாகப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக டிசம்பர் தொடக்கம் வரை செல்லும். ஆகவே மூன்று முடிவுகளும் ஐந்தாறு வாரங்களுக்குள் வந்து குவிகின்றன. தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. முதல் இரண்டு முடிவுகளும் டிசம்பரோடு சரி. மூன்றாவது தனியாக, கத்தரி வெயிலுக்கு முந்தைய வாரங்களில் வருகிறது. இலங்கைப் பிள்ளைக்குக் கிறிஸ்து பிறப்பு என்றால் ஆண்டு முடிந்தது என்று பொருள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது அரையாண்டுத் தேர்வு முடிந்தது என்ற செய்தி மட்டுமே.

ஒளிவிழா

இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் தமிழ்ப் பாடசாலைகள் டிசம்பரில் எடுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பெயர் ஒளிவிழா. கத்தோலிக்கப் பெயர் தாங்கிய பாடசாலைகளில் மட்டும் நடப்பதில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கும் பல அரசுப் பாடசாலைகளிலும், முன்பள்ளிகளிலும், பிரதேச செயலகங்களிலும்கூட நடக்கிறது. ஆனால் ஒரு றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலையில் ஒளிவிழா நாள் தனி. அன்று பாடசாலையின் ஆண்டுக் கணக்கும் முடிகிறது.

நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். விருந்தினர்களைப் பாண்ட் வாத்தியத்தோடோ மாலையோடோ அழைத்து வருவது, விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, வரவேற்பு நடனம், பங்குத் தந்தையின் ஆசியுரை, அதிபரின் தலைமையுரை, கரோல் கீதங்கள், பாலன் பிறப்பு நாடகம், பரிசில்கள், நன்றியுரை. வலயக் கல்விப் பணிப்பாளரோ கோட்டக் கல்விப் பணிப்பாளரோ பங்குத் தந்தைக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். நத்தார் (கிறிஸ்துமஸ்) தாத்தா வந்து இனிப்பு எறிந்த பிறகுதான் முதலாம் தரப் பிள்ளைகள் அடங்குவார்கள். முடிவில் ஒரு கேக் துண்டு, ஒரு ரோல்ஸ் அல்லது பற்றிஸ், ஒரு சோடா.

இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் தவணைப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருக்கும். ஆசிரியர்கள் ஒரு கையால் வானதூதருக்கு இறக்கை ஒட்டிக்கொண்டு மறு கையால் தேர்ச்சி அறிக்கைக்குப் புள்ளி போடுவார்கள். ஒளிவிழாவும் தேர்ச்சி அறிக்கையும் ஒரே வாரத்தில், சில இடங்களில் ஒரே நாளில், வீட்டுக்குப் போகும். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மம்மா நாடகத்தில் பேரன் போட்ட இடையர் வேடத்தைப் புகழ்ந்துவிட்டு, மறு மூச்சில் "வகுப்பில எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்பார். அடுத்த ஆண்டுக்கான இலவசப் பாடநூல்களும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் கைக்கு வரும். புதுப் புத்தகத்தின் மணமும் நத்தார் கேக்கின் மணமும் ஒரே பையில் வீடு சேரும்.

ஐந்தாம் தரப் பிள்ளைக்கு இது இன்னும் கூர்மையான நாள். கிராமத்து ஆரம்பப் பாடசாலைகள் பலவும் ஐந்தோடு நின்றுவிடுகின்றன. வழமையாக ஆகஸ்டில் நடக்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முடிவுகள் அதற்குள் வெளியாகியிருக்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களை மேடைக்கு அழைத்து மாலை போட்டுப் பதக்கம் அணிவிப்பார்கள். அவர்களுடைய படங்கள் பதாகையாகப் பாடசாலை மதிலில் தொங்கும். பாலன் பிறப்பைக் கொண்டாடும் மேடையிலேயே பத்து வயதுப் பிள்ளைகள் வென்றவர், வெல்லாதவர் என்று பிரிக்கப்படுவது ஒளிவிழாவின் கசப்பான பக்கம். மாடடைக் குடிலில் ஏழையாகப் பிறந்தவரைப் பாடிய வாய் ஆறாமலே புள்ளி வாசிக்கத் தொடங்கிவிடுகிறது.

நாடகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்கு ஆழமான மரபு உண்டு. 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் திருப்பாடுகளின் நாடகத்தையும் புதிய அரங்குக்குக் கொண்டுவந்தது. அந்த மரபின் சாயல் பாடசாலை மேடையிலும் விழும். ஏரோது அரசனுக்கு ஒரு கூத்துத் தரு இருக்கும். வரவுப் பாட்டோடு அவன் வந்தால்தான் ஊருக்குத் திருப்தி. பாடசாலை விழாவுக்குப் பெற்றோரைத் தாண்டி ஊரே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரையாண்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் நடுவே

தமிழ்நாட்டு ஆர்.சி. தொடக்கப்பள்ளியின் டிசம்பர் வேறு மாதிரி. மாத நடுவில் அரையாண்டுத் தேர்வு. அது முடியும் நாளில், அதாவது 22, 23 தேதி வாக்கில், கிறிஸ்துமஸ் விழா. ஒத்திகைக்கு நேரம் குறைவு. ஆகவே விழா பெரும்பாலும் பள்ளிக்குள்ளேயே நடக்கும். வளாகத்தில் குடில், வராந்தாவில் காகித நட்சத்திரங்கள், வகுப்புக்கு வகுப்புக் குடில் போட்டி, ஒரு சிறு நாடகம், கேக். ஆசிரியைகள் மாதத் தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு கிறிஸ்சைல்டை எடுத்திருப்பார்கள்; யார் யாருக்கு மறைவாகப் பரிசு வைத்தார்கள் என்பது அன்று வெளிப்படும். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியும் சோப்பும் பழந்துணியும் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போகும். விருந்தினர் என்று வெளியார் அதிகம் இல்லை. தாளாளரான பங்குத் தந்தை இருப்பார், தலைமையாசிரியரான சிஸ்டர் இருப்பார், அவ்வளவுதான்.

இந்த விழாவில் மதிப்பெண் இல்லை. அரையாண்டு விடைத்தாள் ஜனவரியில்தான் கைக்கு வரும். யாரும் எந்த வகுப்பையும் விட்டுப் போகவில்லை. பத்து நாள் கழித்து எல்லோரும் அதே பெஞ்சில் உட்காரப்போகிறார்கள். ஆகையால் தமிழ்நாட்டுப் பள்ளிக் கிறிஸ்துமஸில் பிரிவின் கனம் கிடையாது. அது ஓர் இடைவேளையின் மகிழ்ச்சி. இலங்கைக் கண்ணோடு பார்ப்பவருக்கு இது சற்று இலேசானதாகத் தோன்றலாம். ஆனால் பிறந்தநாளை மட்டுமே கொண்டாட ஒரு நாள் கிடைப்பது பிள்ளைக்கு நல்லதுதான்.

பெரிய மேடை, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, உடை வாடகை என்று பள்ளி தன்னை ஊருக்குக் காட்டும் நாள் ஆண்டு விழா. அது ஜனவரி இறுதிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகிறது. ஆண்டறிக்கை வாசிப்பு, வருகையில் முழுமை பெற்றவர்களுக்குப் பரிசு, கும்மி, ஒயிலாட்டம், பரதம், பிறகு இரவு நெடுநேரம் வரை சினிமாப் பாட்டுக்கு நடனம். பரிசாக டிபன் பாக்ஸ், எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் டப்பா. முன்னாள் மாணவரும் கவுன்சிலரும் வட்டாரக் கல்வி அலுவலரும் மேடையில் இருப்பார்கள். தொடக்கத்தில் ஒரு செபம், நடுவில் ஒரு ஆசியுரை தவிர, இந்த மேடையைப் பார்த்து இது கத்தோலிக்கப் பள்ளி என்று கண்டுபிடிப்பது கடினம். பரதத்தையும் நாட்டார் கலைகளையும் கிறிஸ்தவச் சூழலில் வளர்த்த கலைக்காவிரி போன்ற நிறுவனம் திருச்சியில் இருந்தும், ஆர்.சி. தொடக்கப்பள்ளி மேடைகளில் வெல்வது பெரும்பாலும் அந்த ஆண்டின் வெற்றிப் படப் பாட்டுத்தான்.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. தெருவுக்குத் தெரு வந்துவிட்ட தனியார் ஆங்கிலப் பள்ளிகளோடு போட்டி போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். பிப்ரவரி மேடையைப் பார்க்கும் தாய் ஜூனில் இளைய மகளை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கிறாள். ஆண்டு விழாவில் முடிந்த ஆண்டுக்குச் செலுத்தும் நன்றியைவிட வரும் ஆண்டுக்கான அழைப்பே அதிகம்.

அசல் முடிவு, ஏப்ரலின் கடைசி வேலை நாள், விழாவே இல்லாமல் கழிகிறது. தேர்வு முடியும்; சட்டையில் மை தெளிப்பார்கள்; போய்விடுவார்கள். பல ஆர்.சி. பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப்பள்ளிகளாக இருப்பதால் ஐந்தாம் வகுப்பு முடிவு என்பது அங்கே ஒரு முடிவாகவே தெரிவதில்லை. இன்னொரு பக்கம், கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகள் யுகேஜி பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு நடத்துகின்றன. தமிழ் வழியில் படித்த உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் புகைப்படமும் இல்லை.

கோயில் மணியும் பள்ளி மணியும்

இரண்டு நாடுகளிலும் வழிபாட்டு ஆண்டோடு பள்ளி ஆண்டு இடறிக்கொள்கிறது. இடறும் இடம்தான் வேறு.

திருவருகைக்காலம் காத்திருப்பின் காலம். பூசையில் ஊதா உடை. உன்னதங்களிலே கீதம் கிறிஸ்து பிறப்பு இரவு வரை ஞாயிறு பூசைகளில் ஒலிக்காது. ஆனால் இலங்கைப் பாடசாலைக்கு டிசம்பர் 25 வரை காத்திருக்க முடியாது. தவணை அதற்கு முன்பே முடிந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலம் டிசம்பரில் நடந்ததால், பரீட்சை மண்டபமாகும் பாடசாலைகள் மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டியிருந்தது. ஆகவே கோயிலில் மெழுகுதிரி வளையத்தின் முதல் திரி எரியும் வாரத்தில் பாடசாலையில் பாலன் பிறந்துவிடுகிறார். கோயில் குடிலில் பாலன் சுரூபம் வைக்காத நாளில் பள்ளிக் குடிலில் அது படுத்திருக்கும்.

தமிழ்நாட்டில் இடறல் தவக்காலத்தோடு. ஆண்டு விழாப் பருவமும் சாம்பல் புதனும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. 2024இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14. 2025இல் மார்ச் 5. 2026இல் பிப்ரவரி 18. நோன்பு நாட்களில் ஆட்டமும் விருந்தும் கூடாது என்று சிஸ்டர்களுக்குத் தயக்கம். அதனால் சாம்பல் புதனுக்கு முன் ஆண்டு விழாவை முடித்துவிடப் பார்ப்பார்கள். சாம்பல் புதன் முந்திவரும் ஆண்டில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒத்திகை பரபரக்கும். விழா முடிந்த பிறகும் இரண்டு மாதப் படிப்பு மிச்சமிருக்கும். இலங்கையில் பள்ளி வழிபாட்டு ஆண்டை முந்துகிறது. தமிழ்நாட்டில் வழிபாட்டு ஆண்டு பள்ளியைத் துரத்துகிறது.

1959, 1960

பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் இருந்த இலங்கையில், மிஷன் பள்ளிகள் அரசு உதவியோடு இயங்கிவந்தன. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு கொண்டுவந்த உதவிபெறும் பாடசாலைகள் சட்டமும் 1961இல் வந்த துணைச் சட்டமும் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை அரசுடைமை ஆக்கின. பெரிய கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக விலகி நின்றன. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அவற்றில் ஒன்று. கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. கைமாற்றத்தின் முழு வீச்சும் விழுந்தது ஆரம்பப் பள்ளிகளின் மேல்தான்.

சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஆண்டின் இறுதியில்தான். 1960 டிசம்பரில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள் குடியேறிக் காவலிருந்தார்கள். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பைப் பலர் வகுப்பறைகளில் கழித்தார்கள். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் கொழும்புக்கு வந்து சமரசம் பேசியதும் அந்த முற்றுகையின் முடிவுக்கு உதவியது.

ஏறக்குறைய அதே காலத்தில் கேரளத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1957இல் வந்த கல்வி மசோதாவுக்கு எதிராகத் திருச்சபையும் பிறரும் நடத்திய விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்), 1959 ஜூலை 31 அன்று முதல்வர் ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்படுவதில் முடிந்தது. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை இந்திய அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு காக்கிறது. அதன் நிழலில்தான் தமிழ்நாட்டு ஆர்.சி. பள்ளியில் தாளாளர் இன்றும் பங்குத் தந்தை. சம்பளம் அரசுடையது, நிர்வாகம் மறைமாவட்டத்துடையது. இருவருக்கும் இடையிலான உறவு பகையாகவும் இல்லை. தமிழ்நாட்டு அரசின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 ஜூலை 15 அன்று தொடக்க விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில். நகர்ப்புறத்துக்கு விரிந்தபோது, 2025 ஆகஸ்ட் 26 அன்று, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில்.

இப்போது முரணைப் பாருங்கள். பள்ளியை இழந்த நாட்டில் ஆண்டின் முடிவே கிறிஸ்து பிறப்பு விழாவாக இருக்கிறது. பள்ளியைக் காப்பாற்றிக்கொண்ட நாட்டில் ஆண்டின் முடிவு விழா ஏறக்குறைய மதம் சாராததாக ஆகிவிட்டது. உடைமையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

பாடமாக மதம், நிறுவனமாக மதம்

நாள்காட்டிக்கு அடுத்த காரணம், அரசு மதத்தைப் பள்ளிக்குள் எந்த வழியாக அனுமதிக்கிறது என்பது. இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதே அரசின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடநூல் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறது. சமயம் அங்கே பரீட்சைக்குரிய பாடம். பிள்ளை தன் சமயத்தோடு அரசுப் பாடசாலைக்குள் வருகிறது. அதன் தொடர்ச்சியாகவே நவராத்திரியில் வாணி விழா, டிசம்பரில் ஒளிவிழா என்று விழாக்களும் வரிசை கட்டுகின்றன. அரசு பொறுப்பேற்ற மிஷன் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற காலத்தில் இருந்த மத விகிதத்தைக் கவனிக்கும் விதியும் உண்டு. கட்டடம் கைமாறிய பிறகும் பாடசாலையின் கத்தோலிக்க முகம் அழியாததற்கு இவையெல்லாம் காரணம்.

இந்தியாவில் முழுதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்க முடியாது. ஆகவே ஆர்.சி. பள்ளியில் ஒரு பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் நன்னெறிக்கும் பிரிந்து போவார்கள். பல ஊர்களில் நன்னெறி வகுப்பே பெரியது. மதம் இங்கே நிறுவனத்தின் உரிமை; பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது சொந்தமில்லை. இந்த நிலையில் ஆண்டு முடிவை அனைவருக்கும் பொதுவான கலைவிழாவாக வைத்துக்கொண்டது தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விவேகம் என்றே சொல்ல வேண்டும். அதே சமயம் டிசம்பர் நாடகத்தில் மரியாவாக நடிப்பது முத்துலட்சுமியாகவும் இடையராக வருவது அப்துல்லாவாகவும் இருப்பதை இங்கே யாரும் விசேஷமாகக் கவனிப்பதில்லை. மக்கள்தொகையைப் பார்த்தால் இரு பக்கமும் சிறுபான்மைதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 விழுக்காடு. 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் கத்தோலிக்கர் மட்டும் ஏறக்குறைய 6 விழுக்காடு. இரு கரைச் சிறுபான்மையும் இரண்டு வழிகளில் தன்னைப் பள்ளியில் நிறுத்திக்கொண்டிருக்கிறது.

நாள்காட்டி குலைந்தபோது

இலங்கை மரபில் ஒளிவிழாவைத் தாங்குவது நாள்காட்டியே என்பது கொரோனாவுக்குப் பிறகு தெளிவானது. தொற்றால் பள்ளி ஆண்டு பின்னுக்குத் தள்ளிப்போனது. 2022ஆம் கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை நீண்டது. அந்த ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை டிசம்பர் 18 அன்று நடந்தது. நத்தாருக்கு ஒரு வாரம் முன்பு பிள்ளைகள் வினாத்தாளோடு உட்கார்ந்தார்கள். 2024ஆம் கல்வியாண்டும் 2025 ஜனவரியில்தான் முடிந்தது. அந்த ஆண்டுகளில் ஒளிவிழா டிசம்பரில் நடந்தது, ஆனால் அது ஆண்டின் முடிவாக இல்லை. தேர்ச்சி அறிக்கையும் பிரியாவிடையும் விழாவை விட்டு விலகி ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் போயின. தம்மை அறியாமலே இலங்கைப் பாடசாலைகள் சில ஆண்டுகள் தமிழ்நாட்டு முறையில் டிசம்பரைக் கழித்தன.

போர்க்காலத்தில் மறுதலையும் நடந்தது. 1990க்குப் பிறகு மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாமுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வேறொரு ஆண்டுக்குள் விழுந்தார்கள். டிசம்பரில் ஒரு தரத்தை முடித்த பிள்ளை ஜூன் வரை காத்திருக்க வேண்டும், அல்லது பாதியில் ஓடும் வகுப்பில் ஏற வேண்டும். அகதி வாழ்வின் பெரிய துயரங்களுக்கு முன் இது சிறியதுதான். ஆனாலும் ஆண்டு எப்போது முடிகிறது என்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் எவ்வளவு உறுதியான சுவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பரிசுப் பொருளிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. இலங்கையில் போருக்குப் பிறகு, குறிப்பாக 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, ஒளிவிழா மேடையில் கற்றல் உபகரணங்கள் வழங்குவது வழக்கமாகிவிட்டது. காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன ஆண்டு அது. கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்ப, அடுத்த ஆண்டுக்கான கொப்பிகளும் பையும் சப்பாத்தும் நத்தார் பரிசாகப் பிள்ளையின் கைக்கு வருகின்றன. பரிசும் தேவையும் ஒரே பொதியில் சேர்வது ஆண்டு டிசம்பரில் முடிவதால்தான் இயல்பாக நடக்கிறது. தமிழ்நாட்டில் பாடநூலும் சீருடையும் அரசிடமிருந்து ஜூனில் வருகின்றன. கிறிஸ்துமஸ் பரிசு சாக்லேட்டாகவும் ஆண்டு விழாப் பரிசு டிபன் பாக்ஸாகவும் இருந்தால் போதும். கொடுப்பவரின் மனம் இரு இடத்திலும் ஒன்றுதான், கொடுக்கும் மாதம் பொருளை மாற்றிவிடுகிறது.

எது மேல்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் சொல்வதானால், விழா என்ற அளவில் இலங்கை முறை செறிவானது. ஒரு பிள்ளை ஐந்தாண்டு படித்த இடத்தைவிட்டுப் போகும்போது ஊர் கூடிப் பாடி, விளக்கேற்றி, வாழ்த்தி அனுப்புவது சாதாரணச் செல்வம் இல்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் கிடைப்பதில்லை. ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் தமிழ்நாட்டுக் கிறிஸ்துமஸே மென்மையானது. அதில் யாரும் தோற்பதில்லை.

இரண்டு பக்கமும் பெரிய செலவில்லாமல் மாற்றிக்கொள்ளக்கூடியவை உண்டு. இலங்கைப் பாடசாலைகள் ஒளிவிழா மேடையிலிருந்து புலமைப்பரிசில் பாராட்டையும் வகுப்பு நிலைப் பரிசுகளையும் எடுத்து முதலாம் தவணையின் பரிசளிப்பு விழாவுக்கு மாற்றலாம். நாள்காட்டி குலைந்த ஆண்டுகளில் இரண்டும் பிரிந்தே நடந்தன. ஒளிவிழா அதனால் குறைந்துபோகவில்லை.

தமிழ்நாட்டு ஆர்.சி. பள்ளிகளுக்கு ஏப்ரலில் இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பள்ளியின் கடைசி வாரங்கள் பெரும்பாலும் பாஸ்கா காலத்தில் விழுகின்றன. 2024இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. தவக்காலத் தயக்கம் தீர்ந்து, ஆண்டு விழாச் செலவும் முடிந்து, சினிமாப் பாட்டும் ஓய்ந்த நேரம் அது. ஐந்தாம் வகுப்பை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி அழைத்து, கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, பெற்றோர் முன்னிலையில் வாழ்த்தி அனுப்ப ஒரு பாடவேளை போதும். முத்துலட்சுமியின் தாயும் அப்துல்லாவின் தகப்பனும் விளக்கேற்றுவதை மறுக்கப்போவதில்லை. உரிமையைக் காப்பாற்றிக்கொண்ட திருச்சபை அந்த உரிமையைக் கொண்டு பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரத்தையாவது தர வேண்டும்.